எண்முறைத் தீர்வும் எம் முதற் பயிற்சியும்

இலக்கியம் பயில்வோர் கணிதத்தைக் கண்டு அஞ்சுவதும், கணிதம் பயில்வோர் இலக்கணத்தைக் கண்டு நகுவதும் கல்லூரி வாழ்க்கையில் வழக்கமாகிவிட்டன. ஒரே விடுதியில் உண்டு, ஒரே ஆலயத்தில் வழிபட்டு, ஒரே திடலில் விளையாடும் மாணவர், நூல்நிலையத்துள் நுழைந்தவுடன் இரு வேறு நாட்டினர்போல் வேறு வேறு அலமாரிகளை நாடிச் செல்கின்றனர். இந்நிலையில், தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கணிப்பொறியால் தீர்க்கும் மென்பொருளைப் பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை முதற்கண் கூறுதல் முறையாகும்.

எம் அறைத் தோழர் கணிதம் பயில்பவர். பள்ளிக் கல்வி முழுவதையும் தமிழ் வழியிற் கற்றவர். துளையிட்ட உலோகத் தகடு ஒன்றில் வெப்பம் எவ்வாறு பரவி நிற்கும் என்பதைக் கணித்துக் காட்டுதலே அவர் எழுதவேண்டிய ஆய்வேட்டின் பொருள். சமன்பாட்டை அவர் நன்கறிவார். அதனைக் கரும்பலகையில் எழுதி விளக்கவும் வல்லார். எனினும் மென்பொருளின் கையேட்டைத் திறந்த முதல் வாரத்திலேயே அவர் முகம் வாடிற்று. “கணிதம் எனக்கு விளங்குகின்றது, கையேட்டின் மொழிதான் விளங்கவில்லை. தலைப்பையே மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுகின்றேன்” என்று ஓரிரவு அவர் சொன்னபோது, எமக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று. அறிவிலே குறைவில்லாத ஒருவர், சொல்லென்னும் வாயிலில் தடுக்கப்பட்டுத் திரும்பிச் செல்லுதல் நேரிதன்று. சொல்லே எம் துறையாதலின், அன்றுமுதல் இரவு வழிபாட்டுக்குப் பின் நாள்தோறும் ஒரு மணி நேரம் அவரோடு உடனிருந்து கற்கலானோம்.

பொருளை முதலில் அறிவோம். ஓர் அளவு இடத்துக்கு இடமும் நொடிக்கு நொடியும் மாறும்போது, அம்மாற்றங்களுக்கு இடையேயுள்ள தொடர்பைக் கூறுவதே பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. அடுப்பின்மேல் வைத்த தோசைக்கல்லின் நடுவில் ஒரு வெப்பம்; விளிம்பில் வேறொரு வெப்பம்; நேரம் செல்லச் செல்ல இரண்டும் மாறுகின்றன. வீணையின் தந்தி அதிர்தலும், மண்ணினுள் நீர் ஊறுதலும், காற்று வீசுதலும், பாலத்தின் தூண் சுமையால் நெளிதலும் இவ்வகைச் சமன்பாடுகளுக்கு உட்பட்டனவே. சதுரம், வட்டம் முதலிய எளிய வடிவங்கட்குத் தாளும் எழுதுகோலும் கொண்டே விடை காணலாம். வடிவம் கோணலாயின், அல்லது பொருள் ஓரிடத்தில் இரும்பும் ஓரிடத்தில் செம்பும் ஆயின், ஒரு சூத்திரமாக விடை கிடைப்பது அரிது. அப்போது எண்களைக் கொண்டு மெய்யான விடையைப் படிப்படியாக அணுகுதலே வழியாகின்றது.

இவ்வழியில் முன்னே நடந்தவருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன். இவர் குவேக்கர் சபையைச் சார்ந்த கிறிஸ்தவர். 1910-ஆம் ஆண்டில் இவர் ராயல் சங்கத்தின்முன் வைத்த கட்டுரையில், கற்கட்டு அணை ஒன்றினுள் எழும் அழுத்தங்களைக் கணித்துக் காட்டினார். அணையின் குறுக்கு வெட்டைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, அண்மைக் கட்டங்களின் எண்களுக்குள்ள வேறுபாடுகளைக் கொண்டே வகைக்கெழுவுக்கு ஈடு செய்தார். அந்நாளில் மின்கணிப்பொறி இல்லை. கூலிக்கு அமர்த்திய சிறுவரே கணக்கிட்டனர். மூன்று இலக்க எண்களில், விரைந்து செய்யும் சிறுவன் ஒருவன் வாரத்துக்கு 2,000 கணக்குகள் முடித்தான் என்றும், தவறாகச் செய்தவை கழிக்கப்பட்டன என்றும் அவரே குறித்திருக்கின்றார்.

பின்னர் அவர் வானிலையையும் இம்முறையாற் கணிக்க முயன்றார். முதல் உலகப் போர்க் காலத்தில், படைக்கலம் ஏந்த மனம் ஒவ்வாது, பிரான்சு நாட்டில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியோட்டியாகத் தொண்டு செய்துகொண்டே, 1910 மே 20-ஆம் நாளின் வானிலையை ஆறு மணி நேரத்துக்குக் கையாற் கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறாமலே நின்றது. 1917-இல் அவருடைய கையெழுத்துப் படி போர்க் குழப்பத்தில் தொலைந்து, சில திங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின்கீழ்க் கிடைத்தது. 1922-இல் நூலை வெளியிட்டபோது, தம் கணக்கு உண்மையோடு பொருந்தாததை அவர் மறைத்தாரில்லை. அனைத்தையும் விளங்க எழுதினார். பிற்காலத்தார் ஆராய்ந்து, குறை பெரும்பாலும் அவர் வழியில் இல்லை, தொடக்கத்தில் இட்ட அளவுகளின் இசைவின்மையிலேயே உள்ளது என்று கண்டனர். அவர் உண்மையை ஒளித்திருப்பாராயின், பின்வந்தோர் எதனைத் திருத்தியிருப்பர்? இவ்வரலாற்றைப் படித்த இரவில், தலைப்பை மாற்றும் பேச்சை எம் தோழர் எடுக்கவில்லை.

கட்டங்களாகப் பகுக்கும் முறைக்கு அடுத்து வந்தது முக்கோணங்களாகப் பகுக்கும் முறை. 1943-இல் வெளியான ஒரு கட்டுரையில் ரிச்சர்ட் கூரண்ட் என்பார், முறுக்கப்படும் தண்டு ஒன்றின் குறுக்கு வெட்டை முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின்மேலும் விடை ஒரு சாய்தளம்போல் நேராகச் செல்வதாகக் கொண்டு கணித்தார். 1960-இல் ரே கிளஃப் என்னும் பொறியியலார் இம்முறைக்குத் தந்த பெயரைத் தமிழில் வரம்புறு கூற்று முறை எனலாம். எத்தகைய கோணல் வடிவத்தையும் முக்கோணங்களால் நிரப்பிவிடலாம் என்பதே இதன் சிறப்பு.

இவ்விடத்தில் எம் துறையறிவு எமக்குக் கைகொடுத்தது. செய்யுளில் எழுத்தால் அசையும், அசையாற் சீரும், சீரால் அடியும் அமைகின்றன. சீரும் சீரும் சேருமிடத்தில், நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் பொருந்துதலையே தளை என்கின்றோம். தளை கெடின் வெண்பா வெண்பாவாகாது. முக்கோணங்களுக்கும் இத்தகையதொரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு முக்கோணத்தினுள்ளும் விடை தன் போக்கிற் சாயலாம். அடுத்த முக்கோணத்தோடு கூடும் விளிம்பில் மட்டும் இருபுறத்து மதிப்பும் ஒன்றாதல் வேண்டும். இதனைக் கூறியவுடன் தோழர் சிரித்து, பத்துப் பக்கம் படித்தும் விளங்காதது இப்போது விளங்கிற்று என்றார். முக்கோணங்களின் முனைகள் கூடும் புள்ளிக்குக் கணு என்று பெயரிட்டோம். கரும்பைக் கண்டவர்க்கு அதற்குமேல் விளக்கம் வேண்டா.

இனி மென்பொருளுக்கு வருவோம். இத்துறையில் விலையின்றிக் கிடைப்பவை பல. பாரிசு நகரத்து ஒலிவியே பிரோனோ 1987-இல் தொடங்கி, பின்னர் ஃபிரெடெரிக் எக்ட் வளர்த்த ஃப்ரீஃபெம் ஒன்று. இது தனக்கெனவே ஒரு சிறு மொழியுடையது. ஜெர்மனி நாட்டு ஹைடல்பர்க்கில் தோன்றி 2000-இல் வெளிவந்த டீல் டூ மற்றொன்று. சி பிளஸ் பிளஸ் மொழியறிந்தார்க்கு ஏற்றது. முதற்படி, இரண்டாம்படி என எண்ணிட்ட எண்பதுக்கு மேற்பட்ட பாடங்களை உடையது. யாங்கள் எடுத்துக்கொண்டது ஃபெனிக்ஸ். 2003-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தாரும் சுவீடன் நாட்டுச் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் கூடித் தொடங்கியது இது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முத்திரையிலுள்ள ஃபீனிக்ஸ் பறவையை இப்பெயர் நினைவூட்டுகின்றது. சாம்பலினின்றும் எழும் அப்பறவையை உயிர்த்தெழுதலுக்கு அடையாளமாக ஆதித் திருச்சபையார் கொண்டனர் என்பது நம் வாசகர் பலர்க்கும் தெரிந்ததே.

ஃபெனிக்ஸை யாங்கள் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம், கணிதத்தைக் கணிதமாகவே எழுத அது இடந்தருதல். பைத்தான் மொழியுள் அமைந்த அதன் இலக்கணத்தில், தாளில் எழுதும் தொகையீட்டை ஏறக்குறைய அவ்வாறே தட்டச்சு செய்யலாம். அதனைப் பொறிக்கு விளங்கும் விரைவான நிரலாக மாற்றும் வேலையை மென்பொருளே செய்துகொள்கின்றது.

தொடங்குவோர் அறியவேண்டிய ஓர் இடர் உண்டு. ஹான்ஸ் பெட்டர் லாங்டாங்கென், ஆண்டர்ஸ் லாக் இருவரும் எழுதிய அறிமுக நூல் 2016-இல் வெளிவந்தது, எவரும் விலையின்றிப் படிக்கலாம், தெளிவான நூல். ஆயின் அந்நூல் பழைய பதிப்பைச் சார்ந்தது. அப்பதிப்பின் முறையான வெளியீடு 2019-உடன் நின்றுவிட்டது. இப்போது வளர்ந்து வருவது டால்ஃபின் எக்ஸ் என்னும் புதிய பதிப்பு. பழைய நூலின் கட்டளைகளைப் புதிய பதிப்பிற்கு அப்படியே இட்டால் அவை ஓடா. கற்போர் தம் அறிவைப் பழித்துக்கொண்டு சோர்ந்துபோவது இங்கேதான். ஆதலின் நூலைக் கருத்துக்குக் கொள்க. கட்டளைகளைப் புதிய பதிப்பிற்கென எழுதப்பட்ட பாடத்தினின்று கொள்க. மென்பொருளைக் கணிப்பொறியில் நிறுவுதற்குக் காண்டா என்னும் தொகுப்புமுறையும், டாக்கர் என்னும் கலமுறையும் உண்டு. டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் இயங்குதளங்களில் நேராகவும் நிறுவலாம்.

முதற் பயிற்சிக்குப் பெரிய சிக்கலை எடுத்தல் தகாது. அந்நூலார் காட்டிய சிக்கலையே யாங்களும் எடுத்தோம். ஒரு பக்கம் ஓர் அலகு நீளமுள்ள சதுரம். அதன்மேல் புவாசோன் சமன்பாடு. விடை இன்னதாக இருக்கவேண்டும் என்று முன்னரே தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்ற வினாவைப் பின்னர் அமைப்பதே இதிலுள்ள நயம். எக்ஸ், ஒய் என்னும் இரு ஆயங்களில், 1-உடன் எக்ஸின் வர்க்கத்தையும் ஒய்யின் வர்க்கத்தைப் போல் இருமடங்கையும் கூட்டியதே விடை எனக் கொள்வோம். இருமுறை வகையிட்டுக் கூட்டினால் 2-உம் 4-உம் சேர்ந்து 6 வரும். சமன்பாட்டின் குறியை நோக்க, வெப்ப ஊற்றின் அளவு குறை 6 ஆகும். எல்லையில் அவ்விடையின் மதிப்பையே இட்டுவிட்டால், உள்ளே பொறி காண்பது சரியா என்று ஐயமின்றிச் சோதிக்கலாம்.

பொறிக்கு நாம் தரவேண்டியவை ஐந்து: பரப்பைப் பகுக்கும் வலை, விடை எவ்வகைச் சார்புகளுக்குள் அடங்கும் என்னும் வெளி, எல்லை நிபந்தனை, சமன்பாட்டின் நலிந்த வடிவம், தீர்க்குமாறு இடும் கட்டளை. இவற்றுள் நான்காவதே தோழரை மிகவும் மருட்டியது. சமன்பாடு ஒவ்வொரு புள்ளியிலும் மெய்யாதல் வேண்டும் என்பது வலிய வடிவம். முக்கோணத் துண்டுகளாலான விடை விளிம்புகளில் மடிந்து நிற்றலின், அதனை இருமுறை வகையிட இயலாது. ஆகவே சோதனைச் சார்பு ஒன்றாற் பெருக்கிப் பரப்பு முழுவதும் தொகையிட்டு, இரு வகையீடுகளுள் ஒன்றைச் சோதனைச் சார்பின்மேல் ஏற்றிவிடுகின்றோம். ஒவ்வொரு சோதனைச் சார்பையும் ஒரு தேர்வாளராகக் கருதுக. புள்ளிதோறும் நிறைவு கேட்பதை விடுத்து, தேர்வாளர் ஒவ்வொருவர் வினாவுக்கும் கணக்குச் சமனாதல் போதும் என்கின்றோம். பக்கத்துக்கு 8 ஆகப் பகுத்தால் 64 சிறு சதுரங்கள், ஒவ்வொன்றும் இரண்டாகி 128 முக்கோணங்கள், கணுக்கள் 81. எல்லையிலுள்ள 32 கணுக்களின் மதிப்பு முன்னரே தெரியும். எஞ்சிய 49 கணுக்களுக்கு 49 தேர்வாளர், 49 சமன்பாடுகள். அவற்றைத் தீர்க்கப் பொறிக்கு ஒரு நொடியும் வேண்டுவதில்லை.

விடை வந்தது. 81 கணுக்களிலும் மெய்விடைக்கும் பொறியின் விடைக்கும் பதினைந்தாம் தசம இடத்திலன்றி வேறுபாடு இல்லை. முக்கோணங்களின் உட்புறத்தில் மட்டும் வேறுபாடு இருந்தது. ஏனெனில் வளைந்த பரப்பை நேரான தளங்களால் மூடியிருக்கின்றோம். அவ்வேறுபாட்டை வர்க்கப்படுத்தித் தொகையிட்டு வர்க்கமூலம் கண்டால் 0.00824. பக்கத்துக்கு 16 ஆகப் பகுத்தபோது 0.00206. 32 ஆகப் பகுத்தபோது 0.00051. பக்கத்தைப் பாதியாக்குந்தோறும் பிழை நான்கில் ஒன்றாகின்றது. தோழர் அத்துடன் அமையாது தாளை எடுத்துக் கையாலும் கணக்கிட்டார். 5/18-இன் வர்க்கமூலத்தை 64-ஆல் வகுத்தால் அதே 0.00824 வருதலைக் காட்டியபோது, அவர் கண்களிற் கண்ட ஒளியை எழுத்தில் அமைக்க எம்மால் இயலாது. பொறி சொன்னதை அவர் நம்பினார் என்பதைவிட, பொறி சொன்னதை அவர் சோதித்தார் என்பதே எமக்கு மகிழ்ச்சி தந்தது.

சோதியாமல் நம்புதலின் தீங்கு சிறிதன்று. நார்வே நாட்டில் ஸ்லைப்னர் ஏ என்னும் கடல்மேடைக்காகப் பெரியதொரு கான்கிரீட்டு அடித்தளத்தைக் கட்டினர். 1991 ஆகஸ்டு 23-ஆம் நாள், ஸ்டாவாங்கர் நகரத்தை அடுத்த கடற்கழியில், அதனை நீருள் மெல்ல அமிழ்த்திச் சோதிக்கும்போது, ஒரு சுவர் பிளந்து, முழுதும் மூழ்கி நொறுங்கிற்று. விழுந்த அதிர்ச்சி 3.0 அளவுள்ள நிலநடுக்கமாகப் பதிவாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை, பொருட்சேதமோ ஏறக்குறைய 70 கோடி அமெரிக்க டாலர். ஆராய்ந்தபோது, வரம்புறு கூற்று முறையாற் கணித்தவர் அவ்விடத்தில் வலையைச் செம்மையாக அமையாமையால், வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது தெரிந்தது. அதனால் சில சுவர்கள் தடிப்பிற் குறைந்தன. பின்னர்ச் செவ்விய வலையிட்டுக் கணித்தபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என விடை வந்தது. உடைந்ததோ 65 மீட்டரில். எனவே முறை பொய்க்கவில்லை. அதனைக் கையாண்ட வகையே பொய்த்தது. மணல்மேல் வீடு கட்டியவன் உவமையை நாம் அனைவரும் ஞாயிறு பள்ளியிற் கேட்டிருக்கின்றோம். இந்நாளில் அம்மணல், பொறி வரைந்து காட்டும் வண்ணப் படத்தின் உருவிலும் வரும். வலை பருமனாயினும் செம்மையாயினும் படம் அழகாகவே இருக்கும். அழகு உண்மைக்குச் சான்றாகாது.

தோழர் தலைப்பை மாற்றவில்லை. துளையிட்ட தகட்டுக்கு முதலிற் பருமனான வலையும், அடுத்து அதனினும் நுண்ணியதும், மூன்றாவதாகத் துளையின் ஓரத்தில் மட்டும் மிக நுண்ணியதும் இட்டு, மூன்று விடைகளையும் ஒப்பிட்டு ஏட்டினை முடித்தார். துளையின் ஓரத்தில் முதல் இரண்டு விடைகள் ஒன்றற்கொன்று விலகி நின்றதை அவர் மறைக்காது ஒரு பக்கம் எழுதியிருப்பதே அவ்வேட்டின் சிறந்த பகுதி என்பது எம் கருத்து. ஏட்டின் இறுதியில் இருவரும் சேர்ந்து அமைத்த தமிழ்ச் சொற்கள் நாற்பது இடம்பெற்றன. அவற்றுட் சில நிலைக்கலாம், சில மறையலாம். சிறந்த சொல்லைப் பின்வருவோர் ஆக்குவராயின் யாம் மகிழ்வோம்.

இவ்வழியில் தொடங்க விரும்பும் நண்பர்கட்கு எம் பட்டறிவினின்று சொல்லத்தக்கவை சில. விடை தெரிந்த வினாவை முதலிற் பொறிக்குத் தருக. பிழை எவ்வளவு என்பதோடு, வலை நுணுகும்போது அது எவ்வாறு குறைகின்றது என்பதையும் நோக்குக. காலத்தோடு மாறும் சிக்கலை, நிலையான சிக்கல் கைவந்தபின் எடுக்க. கோபுரம் கட்டுவோன் முன்னரே அமர்ந்து செலவைக் கணக்கிடுதல்போல், வலையை நுணுக்குமுன் பொறியின் நினைவிடம் தாங்குமா என்று எண்ணுக. எல்லாவற்றினும் மேலாக, விளங்காத சொல் ஒன்று எதிர்ப்படின், அதனை உம் தாய்மொழியில் ஒருவர்க்கு விளக்க முயல்க. விளக்கும்போதே அது பெரும்பாலும் விளங்கிவிடும்.

தமிழ் மாணவர்க்கும் ஒரு சொல். நம் துறையின் பயன் பழைய ஏடுகளைக் காத்தலோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த அறையில் ஒருவர், அறிந்த பொருளுக்குச் சொல் அறியாது வாடியிருத்தல் கூடும். அவர் கதவைத் தட்டுதல் நம் கடன்.